உஷார்! கணக்கை அச்சடித்தே கொடுத்தார்கள், நாம்தான் படிக்கவில்லை

கொஞ்சம் நில்லுங்கள். பர்ஸைத் திறக்காதீர்கள். போனை எடுத்து ஸ்கேன் பண்ணாதீர்கள்.

வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் நிற்கிறார். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. கையில் வழவழப்பான ஒரு ஆண்டு மலர். "தறிக்காரங்க பிள்ளைங்க படிப்புக்கும்மா. உங்களால முடிஞ்சது." முகத்தைப் பார்த்தால் நல்ல மனுஷனாகத்தான் தெரிகிறார். நல்லவராகவே கூட இருக்கலாம்.

இருந்தாலும் கொடுக்கும் முன்னால் ஐந்து நிமிடம் இதைப் படித்துவிடுங்கள். காஞ்சிபுரத்தில் நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். அறக்கட்டளைக் கணக்கு என்றாலே "அதெல்லாம் ஆடிட்டர் வேலை" என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்த ஒதுக்கம்தான் ஆபத்து. நம்மைக் கவிழ்க்க நினைப்பவருக்குக் கணக்கை மறைக்கும் வேலைகூட இல்லை. நாம் படிக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

நடந்தது இதுதான்

பிள்ளையார்பாளையம் பக்கத்தில் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் தறியில் உட்காருவார், அக்கா நூல் சுற்றுவார். நாற்பது வருஷ உழைப்பு. ஒரு அறக்கட்டளை அவர் வீட்டுப் பேத்திக்கு ஒரு வருஷம் கல்லூரிக் கட்டணம் கட்டியது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டு எடுத்த பணத்தில் 25,000 ரூபாய் கொடுத்து ஆயுள் உறுப்பினர் ஆனார்.

அதோடு நின்றிருந்தால் அவர் நஷ்டம் 25,000 ரூபாய்தான். "அக்கா, நீங்க சொன்னா தெருவே கேக்கும்" என்றார்கள். அக்கா சொன்னார். தெரு கேட்டது. பதினோரு வீடு பணம் கட்டியது.

ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மலர் கொடுத்தார்கள். அட்டையில் குத்துவிளக்கு, உள்ளே பிள்ளைகள் சிரிக்கும் படங்கள், கடைசி நான்கு பக்கம் கணக்கு. அக்கா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். மூன்று வருஷம், மூன்று மலர். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

நான்காம் வருஷம் பிள்ளைகளுக்குக் கட்டணம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. அலுவலகம் பூட்டிக் கிடந்தது.

அக்கா மூன்று மலரையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நானும் கணக்குப் படித்தவள் இல்லை. பக்கத்து வீட்டில் பிளஸ் டூ வணிகவியல் படிக்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து மூன்று மலரையும் வரிசையாக விரித்து வைத்தோம்.

முதல் வருஷம் வந்த பணம் 9 லட்சம். பிள்ளைகளுக்குப் போனது 5 லட்சத்து 40 ஆயிரம். நூறு ரூபாய்க்கு அறுபது.

இரண்டாம் வருஷம் வந்தது 12 லட்சம். பிள்ளைகளுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். நூறுக்கு முப்பத்தைந்து.

மூன்றாம் வருஷம் வந்தது 14 லட்சம். பிள்ளைகளுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம். நூறுக்குப் பதினைந்து.

மீதிப் பணம் எங்கே? அதையும் எழுதியிருந்தார்கள். அலுவலக வாடகை 60 ஆயிரத்திலிருந்து 3 லட்சத்து 60 ஆயிரமாக ஏறியிருந்தது. கட்டடம் யாருடையது? தலைவரின் மைத்துனருடையது. "நிர்வாகிகளுக்கு முன்பணம்" என்று ஒரு வரி. முதல் வருஷம் அது இல்லை. இரண்டாம் வருஷம் 2 லட்சம். மூன்றாம் வருஷம் ஐந்தரை லட்சம்.

அந்தப் பெண் தலை நிமிர்ந்து கேட்டாள்: "ஆன்ட்டி, எல்லாத்தையும் எழுதியே வெச்சிருக்காங்களே?"

ஆமாம். எதையும் மறைக்கவில்லை. நம் கையிலேயே கொடுத்திருந்தார்கள்.

அக்கா அன்று அழவில்லை. "அந்தப் பதினோரு வீட்டு வாசல் வழியா நான் எப்படி நடப்பேன்" என்று மட்டும் கேட்டார். பணம் போனால் தறி நெய்து சம்பாதிக்கலாம். தெருவில் பேர் போனால்?

இந்த ஊர் கணக்குக் கேட்ட ஊர்

வெட்கமாக இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். கணக்குக் கேட்பதை நாம் மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். "தர்மத்துக்குக் கொடுத்துட்டு கணக்கு கேக்கலாமா?" என்கிறோம். நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை.

இதே மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. ஆண்டு 919, 921. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதிலே ஒரு விதியைக் கவனியுங்கள். ஊர்ச் சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டியிட முடியாது. அவர் மட்டுமா? அவருடைய அப்பா, மகன், அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மைத்துனன், அத்தை மகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள் வரைக்கும் யாரும் நிற்க முடியாது.

இன்றைக்கும் வருமான வரிச் சட்டம் ஏறக்குறைய அதே ஆட்களைத்தான் சந்தேகத்தோடு பார்க்கிறது. அறக்கட்டளைப் பணம் நிறுவியவருக்கோ அறங்காவலருக்கோ அவர்கள் உறவினருக்கோ ஆதாயமாகப் போனால் வரி விலக்குக்கே ஆபத்து. மைத்துனனுக்கு வாடகை போவதைப் பார்த்துச் சந்தேகப்பட நமக்குப் பட்டப்படிப்பு வேண்டாம். ஆயிரத்து நூறு வருஷம் முன்னாலேயே உத்திரமேரூர்க்காரர்கள் பட்டியல் போட்டுவிட்டார்கள்.

நம் நெசவாளர்களுக்கு இன்னும் நெருக்கமான சேதி ஒன்று இருக்கிறது. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காஞ்சியில் இன்று உலகளந்த பெருமாள் கோயில் என்கிறோமே, அந்த ஊரகம் கோயிலின் பொறுப்பை இங்கே நெசவு செய்து வாழ்ந்தவர்களிடம் ஒப்படைத்த செப்பேடு அது. திருவிழா முடிந்த கையோடு கணக்குப் பார்க்க வேண்டும் என்றும் அதிலே ஏற்பாடு இருக்கிறது.

கோயில் கணக்கைக் கையாண்ட நெசவாளர் ஊர் இது. இன்று நான்கு பக்கக் கணக்கைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகுகிறோம்.

உங்களுக்குக் கணக்குத் தெரியும். நம்புங்கள்.

சங்கத்திலோ முதலாளியிடமோ பட்டும் ஜரிகையும் வாங்கும்போது என்ன செய்கிறீர்கள்? எடை போட்டு வாங்குகிறீர்கள். சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவர்கள் எடை போட்டு வாங்குகிறார்கள். கொடுத்த பட்டு இவ்வளவு, கொடுத்த ஜரிகை இவ்வளவு, சேலை எடை இவ்வளவு, சேதாரம் இவ்வளவு. சேதாரம் கூடினால் "எங்கே போச்சு?" என்று கேட்பார்கள். கூலியில் பிடிப்பார்கள். யாரும் அதை மரியாதைக் குறைவு என்று சொல்வதில்லை.

அறக்கட்டளைக் கணக்கும் அதே தராசுதான். வந்த பணம், போய்ச் சேர்ந்த உதவி, நடுவில் சேதாரம். உங்களிடம் எடை பார்க்கும் உலகத்தில் நீங்களும் ஒருமுறை எடை பாருங்கள்.

கணக்கில் மூன்று தாள் இருக்கும். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடத்திலேயே இந்தப் பெயர்கள் வருகின்றன. பயப்படாதீர்கள்.

பெறுதல்கள் செலுத்தல்கள் கணக்கு. வருஷ ஆரம்பத்தில் கையில் என்ன இருந்தது, என்ன வந்தது, என்ன போனது, கடைசியில் என்ன மிச்சம். வீட்டுச் செலவு நோட்டு மாதிரி. இதிலிருந்து தொடங்குங்கள்.

வருவாய் செலவினக் கணக்கு. அந்த வருஷத்துக்கு உரிய வரவும் செலவும். இன்னும் கொடுக்காத பாக்கி, பொருளின் தேய்மானம் எல்லாம் இதிலே சேரும். "நிர்வாகச் செலவு", "விழாச் செலவு", "இதர செலவு" வரிகளை இங்கே தேடுங்கள்.

இருப்புநிலைக் குறிப்பு. மார்ச் 31 அன்று எடுத்த போட்டோ. அன்றைக்கு எவ்வளவு சொத்து, எவ்வளவு கடன். பலரும் புரட்டாமல் விடும் தாள் இதுதான். அக்காவின் பணம் இருந்த இடமும் இதுதான். "கடன்களும் முன்பணங்களும்" என்ற ஒரு வரியில்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒரு வருஷக் கணக்கை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்று வருஷத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று விரலை ஓட்டுங்கள். திருட்டு ஒரே வருஷத்தில் முகம் காட்டாது. மூன்று வருஷத்தில் காட்டிவிடும்.

அபாய அறிகுறிகள்

ஒன்று. பணம் தனிநபர் பெயருக்குப் போகிறது.
ஸ்கேன் செய்ததும் திரையில் என்ன பெயர் வருகிறது? அறக்கட்டளைப் பெயரா, ஒரு ஆளின் பெயரா? ஆள் பெயர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். "அக்கவுன்ட் இன்னும் ஓபன் ஆகலை" என்பார்கள். ஆன பிறகு வரட்டும்.

இரண்டு. ரொக்கமாகத்தான் வேண்டும் என்கிறார்கள்.
2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகை கிடையாது. இது தெரிந்தும் ரொக்கம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். நீங்கள் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் 80ஜி சலுகையே உங்களுக்கு இல்லை. "வரி மிச்சம்மா" என்ற பேச்சில் மயங்காதீர்கள்.

மூன்று. ரசீது உண்டு, சான்றிதழ் இல்லை.
2021-22 நிதியாண்டு முதல் 80ஜி உள்ள நிறுவனம் உங்கள் நன்கொடை விவரத்தை வருமான வரித் துறைக்குத் தெரிவித்து, துறையின் தளத்திலிருந்தே எடுத்த சான்றிதழைத் தர வேண்டும். 10பிஇ படிவம் என்பார்கள். அடுத்த மே 31க்குள் வந்தாக வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் வேறு. உங்கள் கேள்வி மாறக் கூடாது: "துறையில் பதிவான சான்றிதழ் எங்கே?"

நான்கு. ஆடிட்டர் முத்திரை மட்டும் இருக்கிறது, எண் இல்லை.
இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆடிட்டர் கையெழுத்திடும் தணிக்கை அறிக்கையில் 18 இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும். யுடிஐஎன் என்று பெயர். 2019 ஜூலை முதல் எல்லாத் தணிக்கைக்கும் கட்டாயம். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணை அடித்தால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். ரப்பர் ஸ்டாம்பு எந்தக் கடையிலும் செய்து தருவார்கள். இந்த எண்ணை எந்தக் கடையிலும் செய்ய முடியாது.

ஐந்து. "ஆடிட் இன்னும் முடியலை."
ஒரு வருஷம் தாமதம், சரி. இரண்டு வருஷமாக அதே பதில் என்றால் ஓடுங்கள்.

ஆறு. முன்பணம் வளர்கிறது.
நிர்வாகிக்குக் கொடுத்த கடன், முன்பணம் வருஷா வருஷம் ஏறினால் அது திரும்பி வராத பணம். வந்திருந்தால் குறைந்திருக்கும்.

ஏழு. சொந்தக்காரருக்கே வாடகை, சொந்தக்காரருக்கே சம்பளம், சொந்தக்காரர் கடையிலேயே கொள்முதல்.
உத்திரமேரூர்ப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2015இல் அங்கே கூட்டரசு வர்த்தக ஆணையமும் ஐம்பது மாநிலங்களும் சேர்ந்து நான்கு புற்றுநோய் அறக்கட்டளைகள் மீது வழக்குப் போட்டன. மக்களிடம் திரட்டிய 18 கோடியே 70 லட்சம் டாலரில் பெரும்பகுதி நிர்வாகிகளுக்கும் உறவினருக்கும் வசூல் கம்பெனிகளுக்கும் போனது என்பது புகார். நான்கும் இழுத்து மூடப்பட்டன.

எட்டு. பொருளுக்குப் பெரிய விலை போட்டிருக்கிறார்கள்.
அதே வழக்கில் இன்னொரு குற்றச்சாட்டு, பொருள் நன்கொடையின் மதிப்பைக் கணக்கில் ஊதிக் காட்டியது. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், பழைய சேலை நூறு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் புதுப்பட்டு விலை போடுவது. வரவும் பெரிதாகத் தெரியும், உதவியும் பெரிதாகத் தெரியும், நிர்வாகச் செலவு சின்னதாகத் தெரியும். காசு எவ்வளவு, பொருள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பட்டு விலை உங்களுக்கா தெரியாது?

ஒன்பது. "நூத்துக்கு நூறும் ஏழைக்கே."
இதைக் கேட்டுச் சந்தோஷப்படாதீர்கள். சேதாரமே இல்லாமல் சேலை நெய்தேன் என்று ஒருவர் சொன்னால் நம்புவீர்களா? ஆடிட்டருக்கு யார் கொடுத்தார்கள்? ரசீது அச்சடித்தது யார்? வேறு யாரோ ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தப் பெயர் கணக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் செலவு வேறு தலைப்பில் ஒளிந்திருக்கிறது.

பத்து. "85 சதவீதம் செலவு பண்ணிட்டோம்."
வரி விலக்குப் பெறும் அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அந்த வருஷமே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்பது பொது விதி. சேர்த்து வைக்க வேண்டுமானால் எதற்கு என்று எழுதிக் கொடுத்து ஐந்து வருஷம் வரை வைக்கலாம். ஆனால் அந்த 85இல் சம்பளமும் வாடகையும்கூட அடங்கும். பிள்ளை கைக்குப் போனது எவ்வளவு என்பது தனிக் கேள்வி. தனியாகவே கேளுங்கள்.

பதினொன்று. ரசீதில் "கார்பஸ்" என்று எழுதியிருக்கிறது.
அப்படியென்றால் மூலநிதி. உங்கள் பணம் முதலீடாக வைக்கப்படும், வட்டிதான் செலவாகும். இந்த வருஷக் கட்டணத்துக்கு என்று சொல்லி வாங்கி, ரசீதில் கார்பஸ் என்று போட்டால் பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று. எழுத்துதான் நிற்கும்.

பன்னிரண்டு. கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள்.
தர்மத்துக்கு வட்டி கிடையாது. ஆள் சேர்த்தால் கமிஷனும் கிடையாது. 2025 தொடக்கத்தில் கேரளத்தில் வெடித்த விவகாரத்தைப் பாருங்கள். பாதிப் பணம் கட்டுங்கள், ஸ்கூட்டர், தையல் இயந்திரம், லேப்டாப் தருகிறோம், மீதியைப் பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி கொடுக்கும் என்றார்கள். ஏராளமான பெண்கள் கட்டினார்கள். வண்டி வராமல் போலீஸ் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள்.

பதிமூன்று. வெளிநாட்டுச் சொந்தக்காரர் நம்பர் கேட்கிறார்கள்.
வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய தம்பியிடமிருந்து இங்குள்ள அமைப்பு பணம் பெற வேண்டுமானால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும். பதிவு பெற்றவருக்கும் அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக்குத்தான் வர வேண்டும். 2020இல் வந்த திருத்தம் இது. காஞ்சிபுரத்துச் சேமிப்புக் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தம்பியைத் தடுத்துவிடுங்கள்.

கோயில் பெயரைச் சொன்னால் இன்னும் உஷார்

நம் ஊர் கோயில் ஊர். கும்பாபிஷேகம், திருப்பணி, அன்னதானம் என்றால் யோசிக்காமல் கை பைக்குள் போகும். அங்கேதான் கைவைப்பார்கள்.

அறநிலையத் துறைக் கோயில் பெயரில் யாராவது வீட்டுக்கு வந்தால் ஒரே பதில்: "நானே கோயில் ஆபீசுல வந்து கட்டறேன்." அங்கே போங்கள். வசூலுக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். கோயிலின் சொந்த ரசீது வாங்குங்கள். உபயம் என்றால் எந்த உபயம், எந்த நாள் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். கோயில் கணக்கு ஏப்ரலில் தொடங்காது. பசலி ஆண்டு, ஜூலை முதல் ஜூன் வரை. கணக்குக் கேட்கும்போது "எந்தப் பசலி?" என்று கேட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பொன் கொடுப்பவர்கள் இரண்டு மடங்கு கவனம். ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் புதிதாகச் செய்த சோமாஸ்கந்தர் உற்சவர் சிலையில் சேர்க்க வேண்டிய தங்கம் சேர்ந்ததா என்று புகார் எழுந்து வழக்கானது. 2018இல் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு அதை விசாரித்தது. குற்றம் யாருடையது என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நம் வேலை சின்னது. வளையலோ மோதிரமோ, கொடுத்தால் எடையும் தரமும் எழுதிய ரசீது இல்லாமல் கையை விட்டு இறக்காதீர்கள். ஜரிகையை உரசிப் பார்க்காமல் வாங்குவோமா?

எல்லோரையும் சந்தேகப்படாதீர்கள்

இதையும் சொல்லியாக வேண்டும். என் பேச்சைக் கேட்டு நல்லவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் எனக்கு.

சம்பளம் கொடுப்பது குற்றமில்லை. முதியோர் இல்லத்தில் ஆயாவுக்குச் சம்பளம்தான் உதவியே. ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையிருப்பு வைத்திருந்தால் அது திருட்டு இல்லை, பொறுப்பு. ஒரு வருஷம் செலவு வரவைத் தாண்டினால் உடனே பயப்பட வேண்டாம். கட்டடம் கட்டியிருக்கலாம், வெள்ள நிவாரணம் கொடுத்திருக்கலாம். தேய்மானம் என்ற வரியில் யாரும் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. தறி பழசாவதைப் போல வண்டியும் மேசையும் பழசாகும் கணக்கு அது.

கெட்ட கணக்கை ஒரு எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது. கேள்வி கேட்டதும் எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நல்லவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்குவார். "இத்தனை வருஷத்துல நீங்கதான் முதல்ல கேட்டீங்க" என்று சந்தோஷப்படுவார். மற்றவர் கோபப்படுவார். "எங்களையே சந்தேகப்படறீங்களா?" என்பார்.

அந்தக் கோபம்தான் பதினான்காவது அறிகுறி.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா?

முதலில், உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். வெட்கப்பட்டு மூடி வைத்தால் அடுத்த தெரு ஏமாறும்.

ரசீது, மலர், வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய திரை, எதையும் அழிக்காதீர்கள். ஒரு பையில் போட்டு வையுங்கள். ஆன்லைனில் ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். மணிக்கணக்கு முக்கியம். நாள் கடந்தால் பணம் கை மாறிவிடும்.

அமைப்பு எப்படிப் பதிவானது என்று பாருங்கள். சங்கமாகப் பதிவாகியிருந்தால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்க வேண்டும். அங்கே போய்க் கேளுங்கள். அறநிலையத் துறைக் கோயில் என்றால் அந்தத் துறையின் மாவட்ட அலுவலகம். மோசடி என்று தெரிந்தால் போலீஸ்.

பொது அறக்கட்டளையா? அதற்கும் வழி இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 92. அந்த அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். இரண்டு பேர் போதும். தெருவில் பதினோரு வீடு இருக்கிறது.

இதைத்தான் அக்காவிடம் சொன்னேன். மறுநாள் காலை அவர் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். நானும் கூடப் போனேன். "என்னாலதான் கட்டினீங்க. என்கூட வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார். இரண்டு வீடு முகத்தில் அடித்தாற்போல் பேசியது. ஒன்பது வீடு கையெழுத்துப் போட்டது. பணம் இன்னும் வரவில்லை. வருமா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. அந்த மூன்று மலரும் இப்போது சாமி படத்துக்குப் பின்னால் இல்லை. கூலிப் புத்தகம் வைக்கும் தகரப் பெட்டியில் இருக்கின்றன. எடை போட்டுக் கொடுத்ததும் வாங்கியதும் எழுதியிருக்கும் புத்தகத்தின் மேலே.

போன வாரம் அந்தத் தெருவுக்கு வேறொரு அமைப்பிலிருந்து ஒரு பையன் வந்தான். அக்கா விரட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"சரி தம்பி, மூணு வருஷக் கணக்கு கொண்டு வந்திருக்கியா?"

இந்த ஒரு வரியை நீங்களும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். மோர் கொடுக்க மறக்க வேண்டாம். கணக்குக் கேட்கவும் மறக்க வேண்டாம்.